பெட்டியில் 3600, உள்ளே என்ன சிப்? ரேம் ஓவர்கிளாக்கிங் முதல் பாடம்

கோவை காந்திபுரத்தில் வாங்கினாலும் பாலக்காட்டு டவுனில் வாங்கினாலும், ரேம் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது ஒரே ஒரு எண்தான்: 3200, 3600, 6000. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் கம்ப்யூட்டர் கட்டும்போது அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 16-16-16 என்றோ 18-22-22 என்றோ இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ரேமின் தரம் தெரிவது அந்தப் பொடி எழுத்தில்தான். அதற்கும் அடியில், பெட்டியில் எங்குமே அச்சிடாத ஒரு விஷயம் இருக்கிறது. கறுப்பாக ஒட்டியிருக்கும் சிப்பை யார் செய்தது, அதில் எந்த ரகம் என்பது அது. ஓவர்கிளாக்கிங், அதாவது ரேமை அதற்கு வைத்த அளவைவிட வேகமாகவோ டைமிங்கை இறுக்கியோ ஓட்டுவது, எவ்வளவு தூரம் போகும் என்பது அதைப் பொறுத்ததுதான்.

உலகில் ரேம் விற்கும் பிராண்டுகள் டஜன் கணக்கில் உண்டு. உள்ளே இருக்கும் சிப்பைப் பெரிய அளவில் செய்கிறவை முக்கியமாக மூன்றே மூன்று: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மற்றவர்கள் அந்தச் சிப்பை வாங்கி, போர்டில் ஒட்டி, மேலே அலுமினியச் சட்டையும் கலர் விளக்கும் போட்டு விற்கிறார்கள். ஆகவே பிராண்டை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. சிப்பைத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் வேகம், டைமிங்: இரண்டும் வேறு வேறு

பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. ஆழியாற்றில் தண்ணீர் திறந்தால் மணக்கடவு தாண்டி மூலத்தரா ரெகுலேட்டருக்கு வந்து, கால்வாயில் இறங்கி, கடைமடை வயலைத் தொட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது ஒரு கணக்கு. வந்து சேர்ந்த பிறகு விநாடிக்கு எத்தனை கன அடி பாய்கிறது என்பது இன்னொரு கணக்கு. ரேமில் முதலாவதுதான் டைமிங், இரண்டாவதுதான் வேகம். தண்ணீர் நிறைய வந்தும் தாமதமாக வரலாம். சீக்கிரம் வந்தும் கொஞ்சமாக வரலாம்.

டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள். டிடிஆர்4-3200 என்றால் விநாடிக்கு 320 கோடி முறை டேட்டா பரிமாற்றம். கடிகாரத் துடிப்பு அதில் பாதி, 1600 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை அனுப்புவதால் எண் இரட்டிப்பாகிறது. சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டியதும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு ஸ்டிக் சேர்ந்து ட்யூயல் சேனலில் ஓடும்போது 3200-க்கு விநாடிக்கு 51.2 ஜிபி, டிடிஆர்5-6000-க்கு 96 ஜிபி என்பது ஏட்டுக் கணக்கின் உச்சம்.

டைமிங் எண்கள் நேரத்தைச் சொல்வதில்லை, துடிப்புகளின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. அதை நேரமாக மாற்ற ஒரு சின்னச் சூத்திரம் போதும்: எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோ விநாடி வரும். டைமிங்கின் முதல் எண்ணுக்கு சிஎல் என்று பெயர். 3200-இல் சிஎல்16 என்றால் 16 × 2000 ÷ 3200 = 10 நானோ விநாடி. 3600-இல் சிஎல்18 போட்டாலும் அதே 10. டிடிஆர்5-6000 சிஎல்30-ம் 10. எண் ஏறிவிட்டதே, டிடிஆர்5 மெதுவானதோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 6000 சிஎல்36 எடுத்தால் 12 ஆகிறது. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

சிஎல் மட்டும் பார்ப்பதும் பாதிக் கிணறு தாண்டுவதுதான். மெமரி உள்ளே கட்டம் கட்டமாக, வரிசையும் நிரலுமாக இருக்கிறது. தேவையான வரிசையைத் திறக்க ஒரு நேரம் (டிஆர்சிடி), திறந்த வரிசையில் உரிய இடத்தைப் படிக்க ஒரு நேரம் (சிஎல்), வேறு வரிசை திறந்து கிடந்தால் அதை முதலில் மூட ஒரு நேரம் (டிஆர்பி). பெட்டியில் வரும் மூன்று எண்கள் வரிசையாக சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி. நான்காவதாக வரும் டிஆர்ஏஎஸ், திறந்த வரிசை குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது.

தப்பான வரிசை திறந்து கிடக்கும்போது மூன்றும் கூட்டுச் சேரும். முதலில் சொன்ன 16-16-16, 18-22-22 இரண்டும் 3600 வேகக் கிட் (ஜோடியாக விற்கும் ரேம்) என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 16-16-16 என்றால் மொத்தம் 48 துடிப்பு, 26.7 நானோ விநாடி. 18-22-22 என்றால் 62 துடிப்பு, 34.4 நானோ விநாடி. பெட்டியின் முகப்பில் இரண்டுக்கும் ஒரே எண்! 3200 14-14-14-ஐக் கணக்கிட்டால் 26.25 வருகிறது. அதாவது அதுவும் 3600 16-16-16-ம் ஏறக்குறைய ஒரே தரச் சரக்கு, லேபிள்தான் வேறு. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கடையில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

யாரும் பேசாத டிஆர்எஃப்சி

மெமரியின் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெபாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம். அது ஓட்டைக் குடம். ஒழுகிக்கொண்டே இருக்கும், நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிடிஆர்4-இல் ஒவ்வொரு வரிசையும் 64 மில்லி விநாடிக்குள் ஒரு முறை நிரப்பப்பட வேண்டும். அதை 8192 கட்டளைகளாகப் பிரித்தால் 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை நிரப்பல் வருகிறது. இந்த இடைவெளிக்கு டிரெஃபி என்று பெயர். ஒரு முறை நிரப்ப ஆகும் நேரம் டிஆர்எஃப்சி. நிரப்பி முடியும் வரை சிப் வேறு வேலை செய்யாது, புராசஸர் காத்துக்கிடக்கும்.

8 ஜிகாபிட் சிப்புக்குத் தரநிர்ணயம் சொல்லும் டிஆர்எஃப்சி 350 நானோ விநாடி. 7800-இல் 350 என்றால் நேரத்தில் நாலரை சதவீதம் நிரப்புவதிலேயே போகிறது. நல்ல சிப்பில் இதை 160-க்குக் கொண்டுவந்தால் இழப்பு இரண்டு சதவீதம். பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) இதைத் துடிப்பாகத்தான் தட்ட வேண்டும். 3600 வேகத்தில் 160 நானோ விநாடி என்றால் 160 × 3600 ÷ 2000 = 288.

குடம் வெயிலில் இன்னும் வேகமாக ஒழுகும். சூடு ஏற ஏற மின்னூட்டம் சீக்கிரம் கசியும். இந்த ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியமான வரி. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டில் 40 டிகிரியைத் தொடும் மதியங்கள் உண்டு. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் போட்டுக் காட்டும் டைமிங்கை அப்படியே காப்பி அடித்தால், மார்கழி இரவில் சோதனை தேறும், பங்குனி மதியம் விண்டோஸ் விழுந்து நீலத்திரை வரும்.

எந்தச் சிப் எதற்கு

பி-டை, இ-டை, சிஜேஆர் என்பவையெல்லாம் சிப் ரகங்களின் பெயர்கள். டிடிஆர்4 உலகில் சாம்சங் 8 ஜிகாபிட் பி-டை தனி ஜாதி. வோல்ட்டேஜ் ஏற்ற ஏற சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி மூன்றும் இறங்கும். டிஆர்எஃப்சியும் வெகுவாக இறங்கும். தினசரிப் பயன்பாட்டுக்கு 1.45 வோல்ட் வரை பலர் ஓட்டுகிறார்கள், நல்ல காற்றோட்டம் இருந்தால் 1.5. இதன் பலவீனம் சூடு. டைமிங்கை இறுக்கி வைத்த பி-டை 45, 50 டிகிரியைத் தாண்டியதும் பிழை காட்டத் தொடங்கும். அறையே 36 டிகிரி இருக்கும்போது கேபினெட்டுக்குள் 50 என்பது எட்டாத உயரம் இல்லை.

மைக்ரான் இ-டை ஏழைப் பங்காளன். சிஎல் வோல்ட்டேஜுக்கு இறங்கி வரும். டிஆர்சிடி மட்டும் என்ன கொடுத்தாலும் அசையாது. 3600-இல் 19, 20 என்றே நிற்கும். டிஆர்எஃப்சியும் 300 நானோ விநாடி அருகில்தான். ஆனால் அதிக வேகம் தாங்கும், பி-டை அளவுக்குச் சூட்டுக்குச் சிணுங்காது. இந்த ஊர் வெயிலுக்கும் பட்ஜெட்டுக்கும் பி-டையைவிட இதுவே பொருத்தம் என்பது எங்கள் கட்சி.

ஹைனிக்ஸ் சிஜேஆர், டிஜேஆர் இரண்டும் நடுவில். சிஜேஆர் 3600 வரை நிம்மதியாக ஓடும், டிஆர்எஃப்சி 260 பக்கம் வரும். டிஜேஆர் அதைவிட உயரம் ஏறும். இரண்டுக்கும் டிஆர்சிடிதான் முட்டுக்கட்டை. சாம்சங் சி-டை வேறு மாதிரி: 1.35 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் இருந்ததும் கெடும். வோல்ட்டேஜ் ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்கிற எண்ணத்துக்கு அது ஒரு நல்ல மறுப்பு.

டிடிஆர்5-இல் கதை சுருக்கம். ஹைனிக்ஸ் வாங்குங்கள். 16 ஜிகாபிட் எம்-டை 6000, 6400 வரை நன்றாகப் போகும். ஏ-டை, தாங்குகிற போர்டும் புராசஸரும் இருந்தால் 7200-ஐத் தாண்டும். ஆரம்பகால சாம்சங்கும் மைக்ரானும் இந்தப் பந்தயத்தில் பின்தங்கிவிட்டன.

பெட்டியைத் திறக்காமல் சிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? டைமிங்கே முதல் துப்பு. 3200 14-14-14 அல்லது 3600 16-16-16 என்றால் அநேகமாக பி-டை. முதல் எண் சின்னதாகவும் அடுத்த இரண்டும் பெரிதாகவும் இருந்தால், உதாரணம் 3600 16-19-19, மைக்ரான் இ-டை அல்லது ஹைனிக்ஸ். 3200 16-18-18 என்றால் அதில் எதுவும் இருக்கலாம். டிடிஆர்5-6000 சிஎல்30 பெரும்பாலும் ஹைனிக்ஸ்.

அடுத்த துப்பு ஸ்டிக்கர். கோர்செய்ர் டிடிஆர்4 ஸ்டிக்கரில் 'வெர்' என்று ஓர் எண் இருக்கும். 3-இல் தொடங்கினால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். 4.31 என்றிருந்தால் பி-டை. ஜி.ஸ்கில் ஸ்டிக்கரில் 042-இல் தொடங்கும் நீண்ட எண்ணின் வால் 8810பி என்று முடிந்தால் அதுவும் பி-டை. பழைய ரேமை ஆன்லைனில் வாங்குகிறவர்கள், விற்பவரிடம் கலர் விளக்கு எரியும் போட்டோவைக் கேட்காமல் ஸ்டிக்கர் போட்டோவைக் கேளுங்கள். மாட்டிய பிறகு பார்க்க தைஃபூன் பர்னர் என்ற மென்பொருள் உண்டு. அது சில நேரம் ஊகத்தையே உண்மை போலச் சொல்லும், எனவே ஸ்டிக்கரோடு ஒத்துப் பாருங்கள்.

ஒரே மாடலை ஆறு மாதம் கழித்து இன்னொரு ஜோடி வாங்கி நாலாக மாட்டுவது வீண்வம்பு. அதே பெயரில் வேறு சிப் வந்திருக்கும். பலவீனமான ஜோடிக்குத் தக்கபடிதான் நாலும் ஓடும், அல்லது ஓடவே ஓடாது.

இறங்கும் முன்

உங்கள் வேலைக்கு இது தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டேலி, டிடிபி, பிரவுசர் என்றால் ஒரு மாற்றமும் தெரியாது. 1080பி-யில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டோடு கேம் ஆடுபவருக்குத் தெரியும். கார்டே இல்லாமல் 5600ஜி மாதிரிப் புராசஸரின் உள் கிராஃபிக்ஸில் ஆடுபவருக்கு மிக நன்றாகத் தெரியும்.

ஓவர்கிளாக்கிங்குக்கு முன்னால் இரண்டு சுலபமான லாபம் இருக்கிறது. ஒற்றை ஸ்டிக் இருந்தால் இரண்டாக்குங்கள். இரண்டையும் புராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் போடுங்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ப்ரொஃபைலை ஆன் செய்யுங்கள்; பெட்டியில் சொன்ன வேகத்தையும் டைமிங்கையும் போட்டுக்கொடுப்பது அதுதான். இதைச் செய்யாமல் 3600 ரேமை 2133-லோ 2666-லோ வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். இன்டெல்லில் எச்610 போர்டு ரேம் ஓவர்கிளாக்கிங்கை அனுமதிக்காது; அதற்கு மேலே பி வரிசையோ இசட் வரிசையோ வேண்டும்.

ரைசன் 3000, 5000 வரிசையில் இன்னொரு கணக்கும் உண்டு. ரேமின் துடிப்பும் புராசஸருக்குள் ஓடும் கடிகாரமான எஃப்கிளாக்கும் ஒன்றுக்கு ஒன்றாக ஓட வேண்டும். எஃப்கிளாக் 1800 என்றால் ரேம் 3600. சில புராசஸர்கள் 1900, அதாவது 3800 தாங்கும். அதைத் தாண்டி ரேமை மட்டும் 4000, 4400 என்று ஏற்றினால் மெமரி கண்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கி, காத்திருப்பு நேரம் கூடிவிடும். வேகம் ஏறியது போலத் தெரியும், கேம் மெதுவாகும். இன்டெல்லில் இதே விவகாரத்துக்குக் கியர் 1, கியர் 2 என்று பெயர். ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டான ஏஎம்5-இல் 6000 என்பது பெரும்பாலோருக்கு நிம்மதியான இடம். அங்கே எஸ்ஓசி வோல்ட்டேஜ் (புராசஸருக்குள் மெமரி கண்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3-ஐத் தாண்டக் கூடாது. 2023-இல் சில புராசஸர்கள் கருகியதைத் தொடர்ந்து ஏஎம்டியே போட்ட வரம்பு இது. அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால் முதலில் அப்டேட் செய்யுங்கள்.

தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கீழைக்காற்றில் உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். ரேமைத் தொடும் முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். காற்று கொண்டுவரும் புழுதி ஸ்லாட்டில் இறங்கியிருந்தால் தூரிகையால் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும்.

ஒரு கிட்டை எடுத்து இறுக்கிப் பார்ப்போம்

மைக்ரான் இ-டை, 2 × 8 ஜிபி, பெட்டியில் 3200 16-18-18-38, 1.35 வோல்ட். பி550 போர்டு, ரைசன் 5 5600. இலக்கு 3600.

எக்ஸ்எம்பி ஆன் செய்து அதிலேயே முதலில் ஒரு சோதனை ஓட்டுங்கள். பெட்டியில் சொன்னதே ஓடவில்லை என்றால் மேலே போவதில் அர்த்தமில்லை, கடைக்குத்தான் போக வேண்டும். தேறினால் ரேமை 3600, எஃப்கிளாக்கை 1800, ரேம் வோல்ட்டேஜை 1.40, எஸ்ஓசியை 1.10 வையுங்கள். டைமிங்கைத் தளர்வாக 18-20-20-40, டிஆர்எஃப்சியை 630 (350 நானோ விநாடி). வேகத்தையும் டைமிங்கையும் ஒரே நாளில் இறுக்குவதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. பிழை வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

இது நின்றால் சிஎல் 16. நின்றால் டிஆர்பி 19, 18, 17 என ஒவ்வொன்றாக. டிஆர்சிடியை 19-க்குக் கீழே தள்ள முயற்சிக்காதீர்கள். இந்தச் சிப் வராது. டிஆர்ஏஎஸ், சிஎல்லையும் டிஆர்சிடியையும் கூட்டி வரும் எண்ணுக்கு ஒன்றிரண்டு மேலே, அதாவது 36, 37. பிறகு டிஆர்எஃப்சியை 20, 20-ஆகக் குறைத்து 540 வரை. கடைசியாக, வரிசைகளை அடுத்தடுத்துத் திறக்க விட வேண்டிய இடைவெளியைச் சொல்லும் மூன்று எண்கள்: டிஆர்ஆர்டி-எஸ் 4, டிஆர்ஆர்டி-எல் 6, டிஎஃப்ஏடபிள்யூ 16. போர்டு தானாகப் போடும் எண்கள் இந்த மூன்றில் மிகத் தளர்வாக இருப்பதால், சிஎல்லில் ஒன்று குறைப்பதைவிட இங்கே லாபம் அதிகம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு விண்டோஸுக்குள் போகும் முன் பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86-ஐ ஒரு சுற்று ஓட்டுங்கள். பிழையுள்ள ரேமோடு விண்டோஸ் கிளம்பினால், கெட்ட பிட்டுகள் டிஸ்க்கில் எழுதப்பட்டு, ரேமைச் சரிசெய்த பிறகும் விண்டோஸ் நொண்டும். கல்யாண போட்டோ, கணக்கு ஃபைல் எல்லாம் முதலில் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள்.

மெம்டெஸ்ட் தேறினால் விண்டோஸில் டெஸ்ட்மெம்5, எக்ஸ்ட்ரீம் அமைப்போடு. 16 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடுகிறவர்களே பிறகு டிரைவரையும் கேமையும் திட்டிக்கொண்டிருப்பார்கள். யுபிஎஸ் இல்லாத வீட்டில், இடி மின்னல் காலத்தில் இரவு முழுக்கச் சோதனை ஓட்டிவிட்டுத் தூங்க வேண்டாம்.

பிழை எப்போது வருகிறது என்பதே பாதி நோய்க்குறிப்பு. திரையே வராவிட்டால் வேகம் அதிகம் அல்லது டிஆர்சிடி மிகக் குறைவு. முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே கொட்டினால் முதன்மை டைமிங் இறுக்கம் அல்லது வோல்ட்டேஜ் பற்றாக்குறை. நாற்பது நிமிடம் சுத்தமாக ஓடி, பிறகு ஒன்று, மேலும் பத்து நிமிடத்தில் இன்னொன்று என்று வந்தால் சூடு. டிஆர்எஃப்சியை ஒரு படி தளர்த்துங்கள், டிரெஃபியைக் கூட்டியிருந்தால் குறையுங்கள், ரேமுக்கு மேலே ஒரு 120 மிமீ ஃபேனை ஜிப் டையால் கட்டிப் பாருங்கள். அழகில்லை, ஆனால் கலர் விளக்கு போட்ட அலுமினியச் சட்டையைவிட அது உருப்படி. மெமரி சோதனை முழுதும் தேறியும் கேம் மட்டும் விழுந்தால், விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வியா லாகர் 19 என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரேம் குற்றவாளி இல்லை, எஃப்கிளாக் தாங்கவில்லை.

கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு கக்கும் சூடு நேராக ரேமுக்குத்தான் போகும். மெமரி சோதனையில் கார்டு சும்மா இருக்கும். ஆகவே சோதனை தேறிய கையோடு, ஏசி இல்லாமல், மதியம் இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் கனமான கேம் ஆடிப் பாருங்கள்.

டிடிஆர்5-இல் ஒரு சூட்சுமம். சிப்புக்குள்ளேயே ஒற்றைப் பிட் பிழையைத் திருத்தும் வசதி இருப்பதால், ஸ்திரமற்ற ரேமும் சில நேரம் சோதனையில் பிழை காட்டாது. பெஞ்ச்மார்க் எண்ணையும் கூடவே குறித்து வாருங்கள். டைமிங்கை இறுக்கியும் எண் இறங்கினால், எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று சந்தேகப்படுங்கள். ஏஎம்5 போர்டில் மாற்றம் செய்த பிறகு முதல் பூட் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கும். அது மெமரி டிரெயினிங், போர்டு ரேமுக்கு ஏற்ற அமைப்பைத் தேடிப் பழகும் நேரம். செத்துவிட்டது என்று பவரை அணைக்காதீர்கள், டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

உண்மையிலேயே கிளம்பாவிட்டால், பெரும்பாலான போர்டுகள் சில தோல்விக்குப் பிறகு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லா அமைப்பும் அழிந்து தொழிற்சாலை நிலைக்கு வரும். பயாஸ் அப்டேட் செய்தாலும் பல போர்டுகளில் சேமித்த ப்ரொஃபைல் போய்விடும். அதனால் கடைசியாகத் தேறிய டைமிங் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, எந்த மாதம், அறை எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.